ஆற்றுக்குக் கிழக்கே ஐம்பது

நுமாசு,
அக்டோபர் 4

அண்ணா,

தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு, புது எண்ணை எனக்குத் தராமல் இருக்கிறாய். உன் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் ஒரு பெண் மூன்று தடவையும் "சார் வகுப்புல இருக்காருங்க" என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன வகுப்பு? சரி, எழுதுகிறேன். சண்டை போட இல்லை.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். என்னைப் பாதி நேரம் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மீதி நேரம் கூப்பிடுவதே இல்லை.

விஷயம் அப்பா சூதாட்டக் கூடத்தில் வில்லை போட்டு விளையாடிய அந்த ஸ்லாட் இயந்திரம். ஐந்து வாரத்துக்கு முன்னால் உன் வீட்டிலிருந்து அப்பாவோடு சேர்த்து மீன் வண்டியில் ஏற்றி வந்தோமே, அதேதான். வந்த நாளிலிருந்து உறுமுகிறது. முதலில் ஜாடிக்குள் மாட்டிய வண்டு மாதிரி இருந்தது, பொறுத்துக்கொண்டோம். இப்போது பாயில் கால் வைத்தால் உள்ளங்காலில் அதிர்வு தெரிகிறது. உருளைகள் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒரே "ஊஊங்ங்". அப்பா அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காய்ச்சல் அடிக்குது"ன்னார். நான் சிரித்துவிட்டேன்.

நிறுத்திவைக்கலாம் என்று நீ சொல்லலாம். நிறுத்தினால் அப்பா செருப்பைத் தேடுகிறார். போன வியாழக்கிழமை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் ரயில் பாதைக் குறுக்கே நின்றுகொண்டு, "கூடத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் வருகிற மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. கடலைப் பார்க்க வந்த யாரோ கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஓட விட்டாலும் பயம், நிறுத்தினாலும் பயம்.

உன் மச்சான் கென்சாகு சொல்கிறார், "உங்க அண்ணன்தான் கரண்டு வாத்தியார் ஆச்சே, கேளு. திட்டிட்டே சொல்லுவாரு, ஆனா சொல்லுவாரு."

என்ன செய்வது?

இகுயோ

---

ஹமமாட்சு,
அக்டோபர் 6

இகுயோ,

உன் கடிதம் கிடைத்தது. என் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்பது உன் கவலை இல்லை.

முதலில் ஒன்று. அந்த இயந்திரம் என் வீட்டில் ஆறு ஆண்டு ஓடியது. ஒரு நாள்கூட முனகவில்லை. அப்பா போய்வந்த கூடத்தை மூடியபோது, அவர் வழக்கமாக உட்கார்ந்த அதே இயந்திரத்தைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். கூடத்து இயந்திரங்கள் இருபத்துநான்கு வோல்ட்டில் ஓடுபவை. வீட்டுச் சுவரில் வருவது நூறு. நடுவில் வைத்து அதைக் குறைக்கிற பெட்டி கடையில் கிடைக்கும். கடைச் சரக்கை நான் நம்பவில்லை. பள்ளிப் பணிமனையில் கழித்துப் போட்ட ஒரு கனமான டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை என் கையால் செய்தேன். மேலே அப்பாவின் பெயரை எழுதி ஒட்டியதும் நான்தான். அது கெட்டுப்போகும் பெட்டி இல்லை. ஆகவே கோளாறு உன் வீட்டில்.

ஆனாலும் ஒழுங்காகப் பார். ஒலியளவுக் குமிழைக் குறை. உறுமலும் குறைந்தால் ஒலிபெருக்கி. குறையாவிட்டால் முன்கதவைத் திற. சாவி அப்பாவின் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது, கேட்டால் தரமாட்டார், குளிக்கும்போது எடு. உருளைகளுக்குப் பின்னால் உள்ள விளக்கின் இணைப்பைக் கழற்றிக் கேள். சத்தம் நின்றால் விளக்கு. அதுவும் இல்லையென்றால் ஒரு காகிதக் குழலைக் காதில் வைத்துப் பெட்டிக்கு அருகே பிடி. அங்கிருந்து வந்தால் இரும்புத் தகடுகளை இறுக்கும் நான்கு திருகாணிகள் வண்டியில் ஆடித் தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறுக்கச் சொல். உன் கணவரின் மீன் குளிர்பெட்டி இருக்கும் இணைப்பிலேயே இதையும் சொருகியிருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாற்று.

அப்பா சொல்வதை எல்லாம் எனக்கு எழுதத் தேவையில்லை. காய்ச்சலாம். ஆறு ஆண்டு அவர் சொன்னவற்றைக் கேட்டவன் நான். நீ ஐந்து வாரமாகக் கேட்கிறாய்.

கிமிஹிகோ

---

நுமாசு,
அக்டோபர் 9

அண்ணா,

ஒலியளவு இல்லை. விளக்கு இல்லை. காகிதக் குழலில் கேட்டேன், பெட்டிதான். காது அதிர்ந்தது. கென்சாகு நான்கு திருகாணியையும் இறுக்கினார். "இதுக்கு மேல இறுக்கினா திருகாணி அழும்"னார். குளிர்பெட்டி வேறு இணைப்பில்தான் இருந்தது, இருந்தும் மாற்றிப் பார்த்தோம். அப்படியேதான்.

நேற்று முன்தினம் பட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் கறுத்திருந்தது. "2" என்று போட்டிருந்தது, அதே மாதிரி ஒன்று கென்சாகு கடையிலிருந்து வாங்கிப் போட்டார். அதுவும் ஒரு நாளில் போய்விட்டது. அப்பா இருண்ட இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புறம் சமையல்கட்டு வழியாகப் போய்விட்டார். இந்தத் தடவை துறைமுகத்தில், படகுகள் கட்டுகிற கல் விளிம்பில். அவருக்கு நீச்சல் தெரியுமா அண்ணா? எனக்குத் தெரியவில்லை. மகளாக இருந்து இது தெரியவில்லை.

வாரத்துக்கு எத்தனை தடவை இப்படிப் போவார் என்று நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். புத்தாண்டுக்கு வந்தால் அவரைச் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு உட்கார வைத்திருப்பாய். "எப்படி இருக்காரு?"ன்னு கேட்டால், "பாக்குறியே"ம்பாய். நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஃபியூஸுக்கு என்ன செய்வது? சீக்கிரம் எழுது.

இகுயோ

---

ஹமமாட்சு,
அக்டோபர் 10

இகுயோ,

அவருக்கு நீச்சல் தெரியாது.

எத்தனை தடவை என்று சொல்லவில்லை என்கிறாய். கேட்க வந்தவள் முன்வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். நான் பள்ளியில் இருந்த நேரத்தில் நீ வந்தாய். நான் திரும்பியபோது அப்பா மீன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் அறைக் கதவின் வெளிப்புறத்தில் நான் போட்டிருந்த தாழ்ப்பாளைக் காட்டி, ஓட்சுகி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்க, "அப்பாவ நாய் மாதிரி பூட்டி வெச்சிருக்கியா?" என்றாய். அன்றிலிருந்து ஓட்சுகி அம்மாள் குப்பை போடும் இடத்தில் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறாள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனைத் துணைத் தலைமையாசிரியர் ஆக்கியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், பதிலுக்காக இல்லை.

ஃபியூஸ். மீன் சந்தையில் கிடைப்பது சன்னமான மட்டச் சரக்கு. சொடுக்கியைப் போடும் நொடியில் மின்சாரம் ஒரு குதி குதிக்கும்; அதைத் தாங்காது. இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன், ஐந்து ஆம்பியர். இதைப் போடு, போகாது.

உறுமல் காதைத் துளைக்கிறது என்றால், பழைய மரப்பெட்டி ஒன்றுக்குள் அந்தச் சாம்பல் பெட்டியை வைத்து, சுற்றிலும் மெத்தைப் பஞ்சு அடைத்து மூடு. சத்தம்தானே உங்களுக்குப் பிரச்சினை? அடங்கிவிடும்.

கிமிஹிகோ

---

நுமாசு,
அக்டோபர் 14

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தோம். மீன் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பஞ்சு அடைத்து, மேலே பலகை போட்டு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். உறுமல் போயேபோய்விட்டது. காது வைத்தால்தான் கேட்கிறது. ஃபியூஸும் நிற்கிறது. முதல் இரண்டு நாள் அப்பா அசையாமல் விளையாடினார். மூன்று ஏழு விழுந்தால் சுற்றிலும் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொல்கிறார், கூடத்தில் இருப்பதாக நினைப்பு. நன்றி அண்ணா. நிஜமாகவே சொல்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நேற்று வெயில் நன்றாக அடித்தது. நானும் கென்சாகுவும் மொட்டை மாடியில் மீன் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தோம். கீழே இறங்கி வந்தால் அப்பா இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு லாரிக்காரர் கொண்டுவந்து விட்டார். "நடுரோட்ல நின்னு எனக்குச் சல்யூட் அடிக்கிறாரும்மா. பிரேக் பிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?"ன்னு என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். கென்சாகு மாட்டினார். வெளிப்புறத்தில். நாங்கள் மாடிக்குப் போகும் நேரத்துக்கு மட்டும்.

இப்போது நீ சிரிக்கலாம். ஓட்சுகி அம்மாளுக்கும் சொல்லிச் சிரி.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். பூனை முதல் நாள் முழுக்க அந்த மரப்பெட்டி மேலேயே சுருண்டு கிடந்தது, கதகதப்பாக இருந்திருக்கும். இன்று காலையிலிருந்து அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறது. வெல்லம் தீய்ந்த மாதிரி ஒரு வாசனையும் வருகிறது. இந்த வாரம் இனிப்புச் சாறில் ஊறவைத்த மீன் காயவைக்கிறோம், அந்த வாசனைதான் என்கிறார் கென்சாகு. இருக்கலாம். உனக்கு எழுதி வைப்போம் என்று எழுதுகிறேன்.

இகுயோ

---

தந்தி
ஹமமாட்சு, அக்டோபர் 15, பகல் 12.50

ஸ்லாட் பிளக்கை உடனே பிடுங்கு. பெட்டியைத் தொடாதே. அப்பா அறைத் தாழ்ப்பாளைத் திற. வருகிறேன். கிமிஹிகோ.

---

நுமாசு,
அக்டோபர் 18

அண்ணா,

வந்தாய், ஒரு மணி நேரம் அப்பாவோடு அறைக்குள் இருந்தாய், கடைக் குழாயில் முகம் கழுவினாய், சாப்பிடாமல் போய்விட்டாய். சுட்டு வைத்த மீன் ஆறிப்போனது. அதனால் நடந்ததை நான் காகிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தந்திக்காரர் வந்தபோது நாங்கள் மாடியில் இருந்தோம். கீழே நின்று கத்துகிறார். இந்தக் காலத்தில் தந்தி என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. இறங்கிப் போய்க் கையில் வாங்கினால், தங்க நூலில் கொக்கு பின்னிய உறை. கல்யாண உறை! கென்சாகு, "மச்சான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறாரா?"ன்னு சிரித்துக்கொண்டே பிரித்தார். இரண்டாவது வரியில் அவர் முகம் மாறியது. ஓடினார். நான் கொக்கு உறையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் புகை. அதிகம் இல்லை, ஆனால் கண் எரிந்தது. கென்சாகு பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பெட்டியின் பலகை திறந்து கிடந்தது. பஞ்சு எல்லாம் வெளியே. பாதி பழுப்பாக, ஒரு ஓரம் கறுத்து. அப்பா பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, விசிறியால் அந்தச் சாம்பல் பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு கொப்புளம். என்னைப் பார்த்து, "காய்ச்சல்காரனுக்கு யாராவது பஞ்சுல போத்துவாங்களா? அறிவு வேணாம்?"ன்னார். பிறகு சொன்னார், "கதவத் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். கூடத்துல யாருமே இல்ல போல."

அண்ணா, அவர் பஞ்சைப் பிடுங்கிப் போடாமல் இருந்திருந்தால்? மாடியில் நாங்கள் வானொலி வைத்திருந்தோம். தட்டியது கேட்கவே இல்லை.

நான் தாழ்ப்பாளைப் பார்க்கிற இடத்தில் இப்போது நான்கு துளைதான் இருக்கிறது. நீதான் கழற்றியிருக்கிறாய்.

புதுப் பெட்டி உறுமவில்லை. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, உனக்கு எப்படித் தெரிந்தது? அதைச் சொல். அப்புறம், அறைக்குள் அப்பா உன்னிடம் என்ன சொன்னார்? "யாரு வந்தாங்கப்பா?"ன்னு கேட்டால், "ரிப்பேர்க்காரர். நல்ல மனுஷன்"கிறார்.

இகுயோ

---

ஹமமாட்சு,
அக்டோபர் 20

இகுயோ,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இடையில் நிறுத்திவிட்டால் மறுபடி எழுதமாட்டேன் என்பதால் ஒரே மூச்சில்.

நம் நாட்டில் மின்சாரம் இரண்டு. ஃபூஜி ஆற்றுக்கு மேற்கே அது நொடிக்கு அறுபது முறை துடிக்கிறது, கிழக்கே ஐம்பது. வீடு மாறுகிறவர்கள் சலவை இயந்திரத்தின் முதுகைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். இருபத்தேழு ஆண்டாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கரும்பலகையில் ஆற்றை வளைத்து வரைந்து, இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 50 என்று எழுதுவேன். நீ இருப்பது அந்தப் பக்கம். எனக்கும் உனக்கும் நடுவில் அந்த ஆறு ஓடுகிறது என்பது தெரியாதா எனக்கு? தெரியும். உன் வீட்டைப் பற்றி யோசிக்கும்போது வேறு எதையெல்லாமோ யோசித்தேன், அதை யோசிக்கவில்லை.

நான் எடுத்த டிரான்ஸ்ஃபார்மர் அறுபதுக்கு மட்டும் செய்தது. ஐம்பதில் போட்டால் அதன் இரும்பு திணறும். உறுமும், சுடும், மின்சாரத்தை அளவுக்கு மேல் குடிக்கும். இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் அறிந்துதான் செத்தது, இரண்டு தடவை. அதை வாயடைக்கத்தான் நான் ஐந்து அனுப்பினேன். சூடு வெளியே போக வழி வேண்டிய பொருளைப் பஞ்சில் பொதியச் சொன்னேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் காகிதத்தை வகுப்பில் உயர்த்திக் காட்டியிருப்பேன்.

எப்படித் தெரிந்தது என்கிறாய். பதினைந்தாம் தேதி மதியம், ஆசிரியர் அறையில், இடைத்தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உன் கடிதம் பக்கத்தில் பிரித்துக் கிடந்தது. தாழ்ப்பாள் வரியைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது. சிரி என்று நீ எழுதியிருந்தாய், சிரித்தேன். ஆறாவது கேள்வி நான் தயாரித்தது: "அறுபதுக்குச் செய்த கருவியை ஐம்பது உள்ள ஊரில் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? இரண்டு எழுதுக." முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் எழுதியிருந்தார்கள்: உறுமும், சூடாகும். முப்பத்தொரு தாளிலும் சிவப்பு மையில் சரி என்று வட்டம் போட்டேன். முப்பத்தொன்றாவது வட்டத்தை மூடும்போதுதான் கை நின்றது. பூனை, தீய்ந்த வெல்லம், வெளியே தாழ்ப்பாள்.

உன் எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். ஆம், எண் என்னிடம் இருந்தது. எப்போதும் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தந்தி அலுவலகத்தில் "எந்த உறை சார் வேணும்?" என்றாள். "ஏதாவது ஒண்ணு போடும்மா" என்று கத்தினேன். ரயில் நிலையம் பக்கத்துக் கடையில் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் பொதுவான டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். ரயில் ஆற்றைத் தாண்டியபோது பெட்டியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவை கொஞ்சமும் சிமிட்டவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டு முக்கு திரும்பும்வரை கூரை இருக்குமா என்றுதான் நினைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "கூடத்துலேர்ந்தா?" என்றார்.

"ஆமாங்க."

"பரவால்ல, சீக்கிரம் வந்துட்டீங்க. போன தடவ மூணு நாளாச்சு."

நான் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, கழற்றுகிற ஒவ்வொன்றையும் வாங்கித் தன் உள்ளங்கையில், அந்தக் கொப்புளத்துக்குப் பக்கத்தில், வரிசையாக வைத்துக்கொண்டார்.

"இந்தப் பெட்டி என் பையன் செஞ்சது" என்றார். "வாத்தியாரு. ரொம்பப் படிச்சவன்."

"அப்படிங்களா."

"அவன்கிட்ட இது கெட்டுப்போச்சுன்னு சொல்லிடாதீங்க. தாங்கமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், ஒரு கணக்கு தப்பாப் போனா ரெண்டு நாள் சோறு திங்கமாட்டான். நீங்க கமுக்கமா மாத்திட்டுப் போயிடுங்க. அவன் வந்தான்னா இது பழசுன்னே நெனச்சுக்கட்டும்."

"சரிங்க."

"மேல எம்பேரு ஒட்டியிருக்கான் பாருங்க. அத மட்டும் எடுத்து புதுசுல ஒட்டிடுங்க."

ஒட்டுத்தாளைக் கிழியாமல் உரித்தேன். அதற்குக் கீழேதான் உலோகத் தகட்டில் பொறித்திருந்தது, 60 என்று, சுண்டுவிரல் உயரத்துக்கு. ஆறு ஆண்டுக்கு முன் நான்தான் அதன் மேல் ஒட்டியிருக்கிறேன்.

முடித்ததும் இயந்திரத்தின் வில்லைத் தட்டிலிருந்து மூன்று வில்லைகளை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, "டீ குடிங்க" என்றார். அதன் பிறகுதான் உன் கடைக் குழாய்க்கு வந்தேன். மீனுக்காகக் கென்சாகுவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் திருகாணிகளைச் சரியாகத்தான் இறுக்கியிருந்தார்.

உன் தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் என் கருவிப்பெட்டியில் இருக்கின்றன. இங்கே அப்பாவின் அறையில் என்னுடையது இன்னும் கதவில் இருந்தது, காலி அறைக்கு. அதையும் கழற்றி அதோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு மிதி செய்துகொண்டிருக்கிறேன். வாசலுக்கு உள்ளே பாய்க்கு அடியில் வைத்தால், அவர் கால் பட்டதும் மாடியில் உங்கள் வானொலிக்குப் பக்கத்தில் ஒரு மணி அலறும். சனிக்கிழமை கொண்டுவந்து பொருத்துகிறேன். அதுவரை உங்களில் ஒருவர் கீழே இருங்கள், மீன் காய்ந்தாலும் காயாவிட்டாலும். அவர் கைக்கு மருந்து போடு.

ஓட்சுகி அம்மாள் முன்னால் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக எழுதவும் மாட்டேன். ஆனால் இந்தப் புதுப் பெட்டி ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஓடும். புத்தாண்டுக்கு அப்பாவையும் இயந்திரத்தையும் இங்கே ஒரு மாதம் அனுப்பிவை. நீ தூங்கி எழு.

உறையின் பின்புறம் என் எண்ணை எழுதியிருக்கிறேன். இனி ஏதாவது உறுமினால் எழுதாதே. கூப்பிடு.

கிமிஹிகோ